பழைய பித்தளை ஸ்நேருக்கு இவ்வளவு மவுசு ஏன்?

குச்சிக்காரன்:
சிகாகோ பக்கம் இருக்கிறேன், வார இறுதியில் ஒரு பேண்டில் டிரம்ஸ் வாசிப்பு. கையில் இருப்பது சாதாரண ஸ்டீல் ஸ்நேர் (அடித்தோலில் கம்பிகள் உரசிச் சரசரக்கும் டிரம்). பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் வீட்டைக் காலி செய்கிறார், அதில் லட்விக் கம்பெனியின் பழைய ஸ்நேர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 14 அங்குல விட்டம், 5 அங்குல ஆழம், குரோம் பூச்சு, பத்து லக் (தோலை இறுக்கும் திருகு போகும் பிடி), கம்பெனியின் கீஸ்டோன் பேட்ஜ், ஆனால் பேட்ஜில் வரிசை எண் இல்லை. போலியாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். கூட வாசிக்கும் பேஸ் கிட்டார்காரரோ எண் இல்லையென்றால் பித்தளையாக இருக்கலாம், விட்டுவிடாதே என்று குதிக்கிறார். பித்தளையா அலுமினியமா என்று எப்படிப் பார்ப்பது? பித்தளையே என்றாலும், புதுசைவிட அதிகம் கொடுத்து வாங்கும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது? வாசிக்கத்தான் கேட்கிறேன், அலமாரியில் வைக்க இல்லை.

காயலான்கடை:
போலி எல்லாம் இல்லை. லட்விக் பேட்ஜில் எண் அடிக்க ஆரம்பித்ததே 1963 கடைசிவாக்கில்தான். 1960ஐ ஒட்டி வந்த சூப்பர் லட்விக் என்ற ஸ்நேர், பித்தளை ஷெல் (டிரம்மின் உருளை உடம்பு) மேல் குரோம். சில வருடத்தில் ஷெல்லை அலுமினியமாக்கி சூப்ராஃபோனிக் என்று விற்றார்கள். ஷெல் மாறியதும் எண் வந்ததும் ஏறக்குறைய ஒரே சமயம் என்பதால், எண் இல்லை என்பதை மட்டும் நம்பிப் பணத்தை நீட்டாதீர்கள். காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள், அது இரண்டிலும் ஒட்டாது, ஸ்டீல் இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் உதவும். தூக்கிப் பாருங்கள். பித்தளையின் அடர்த்தி அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு, கையே சொல்லிவிடும்.

அப்புறம் அடி ஹெட்டை, அதாவது கீழ்ப்பக்கத் தோலை, கழற்ற அனுமதி கேட்டு, ஸ்நேர் வயர் உட்காரும் பள்ளத்தின் விளிம்பிலும் லக் திருகு போகும் ஓட்டைகளின் உள்பக்கத்திலும் டார்ச் அடியுங்கள். குரோம் தேய்ந்த இடத்தில் மஞ்சள் தெரிந்தால் முடிந்தது கதை. அலுமினியத்தில் குரோம் சரியாகப் பிடிக்காது, நாளாக ஆக அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி புள்ளியாகப் பொங்கி உரியும். பித்தளையில் அப்படி உரிவதைப் பெரும்பாலும் பார்க்க முடியாது. அதோடு விடாமல், மேல் ஹெட்டையும் கழற்றி, பள்ளம் இல்லாத மேல் விளிம்பு கீழே இருக்கும்படி ஷெல்லை சமையலறைக் கிரானைட் மேடையில் கவிழ்த்து வைத்து உள்ளே விளக்கைப் போட்டு, விளிம்புக்கு அடியில் எங்காவது வெளிச்சம் கசிகிறதா என்றும் பாருங்கள். கசிந்தால் ஷெல் வளைந்திருக்கிறது, டியூனிங்கில் உயிரை வாங்கும்.

மெதுவடி:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஓங்கி அடித்தால் எந்த ஸ்நேரும் சத்தம் போடும். பித்தளையின் அருமை மெதுவாக அடிக்கும்போதுதான் தெரியும்: குச்சியின் நுனி ஹெட்டை உரசினாலே வயர் பேசும், இரண்டு பெரிய அடிக்கு நடுவே சும்மா விழும் சின்ன அடிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கும். ஸ்டீலின் ரீங்காரம் காதைக் குத்தும், அலுமினியம் கொஞ்சம் வறண்டு சீக்கிரம் அடங்கும், பித்தளை கனமாக ஒலித்துச் சற்று நேரம் நிற்கும். அதை ஜெல்லும் டேப்பும் ஒட்டி அமுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

1920களில் லட்விக், லீடி, ஸ்லிங்கர்லேண்ட் கம்பெனிகள் செய்த டிரம்கள் பக்கம் போனால் இன்னும் சுவாரசியம். லட்விக்கின் அந்தக் காலத்து ஷெல் இரண்டு துண்டு மெல்லிய பித்தளை, நடுவில் ஒரு புடைப்பு வரி. அதன் மேல் கறுப்பு நிக்கல் பூசி, பிறகு உளியைக் கையால் அசைத்து அசைத்து ஓட்டிப் பூவும் இலையும் செதுக்கினார்கள். பூச்சு வெட்டுப்பட்ட இடத்தில் மட்டும் பித்தளை பொன்னிறமாகத் தெரியும். கைவேலை என்பதால் ஒரு டிரம்மின் இலை போல இன்னொன்றில் இருக்காது. பிளாக் பியூட்டி என்று எல்லாரும் தேடி அலைவது இதைத்தான்.

அவை குறைவாகக் கிடைப்பதற்கும் காரணம் உண்டு. அன்று டிரம்மர்களுக்குப் பெரிய வேலைவாய்ப்பே மௌனப்பட அரங்குகள்தான். 1927க்குப் பிறகு பேசும் படம் வந்து அரங்க இசைக்குழுக்களைக் கலைத்தது, 1929ல் பங்குச் சந்தையும் விழுந்தது, லட்விக்கே கான் என்ற இசைக்கருவி நிறுவனத்தின் கைக்குப் போய் இண்டியானாவின் எல்கார்ட்டுக்கு மாறியது. உலகப்போரில் உலோகக் கட்டுப்பாடு வந்தபோது ஸ்லிங்கர்லேண்ட் லக்கைக்கூட மரத்தில் செய்தது என்றால் பித்தளை ஷெல்லுக்கு எங்கே போவது.

சந்தேகராம்:
வரலாறு எல்லாம் சரி, ஆனால் காசு கொடுக்கப் போகிறவர் கொஞ்சம் நிதானமாக இருக்கட்டும். மரம் காயக் காய ஒலி மாறும் என்றால் ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். பித்தளை அறுபது வருடம் பரணில் கிடந்ததால் இனிமையாகிவிடாது. நாம் கேட்பதில் பெரும்பங்கு ஹெட், டியூனிங், விளிம்பு, ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் ரிம், வயர். 1970களின் கடைசியில் லட்விக்கே பிளாக் பியூட்டியை மறுபடி கொண்டுவந்தது, இன்றும் செய்கிறது, அந்தப் பித்தளைக்கு என்ன குறை? கிரெட்ச் 4160, பித்தளை ஷெல் ரோஜர்ஸ் டைனாசோனிக் என்று பழையதிலேயே வேறு நல்லவையும் உண்டு, லட்விக் பெயருக்காக மட்டும் போட்டி போட வேண்டாம். இரண்டு ஸ்நேரிலும் ஒரே ஹெட்டைப் போட்டு, அறையின் அந்தப் பக்கம் திரும்பி நின்று கேளுங்கள். வித்தியாசம் தெரிந்தால் வாங்குங்கள்.

மெதுவடி:
@சந்தேகராம் ஒலி விஷயத்தில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அறையின் அந்தப் பக்கம் நிற்பவருக்குத் தெரியாதது ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவரின் மணிக்கட்டுக்குத் தெரியும். வாசிக்கிறவர் கேட்கும் கேள்வி இது.

குச்சிக்காரன்:
நேற்று போய்ப் பார்த்தேன். நல்ல கனம், பள்ளத்து விளிம்பில் மஞ்சள் தெரிகிறது, வெளிச்சம் எங்கேயும் கசியவில்லை. ஒரு லக்கில் மட்டும் திருகு இறுக மாட்டேன் என்கிறது. உள்பக்கம் லேசாகப் பச்சைக் களிம்பு. வாங்கினால் எப்படிச் சுத்தம் செய்வது?

காயலான்கடை:
திருகுக்குக் கவலை வேண்டாம், லட்விக் 12-24 மரைதான், இன்று விற்கும் திருகே பொருந்தும். திருகு சரியாக இருந்து லக்குக்குள் இருக்கும் நட்டு தேய்ந்திருந்தால் அதுவும் தனியாகக் கிடைக்கும். வயரை ஏற்றி இறக்கும் நெம்புகோல் பழைய பி-83 மாடல்தானா, பிடி நழுவுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், விலை பேச அது உதவும். களிம்பைப் பொறுத்தவரை, ஊர்ப் பழக்கத்தில் புளியையோ பீதாம்பரியையோ எடுத்துவிடாதீர்கள், குத்துவிளக்கு இல்லை அது! மிதமான சோப்புத் தண்ணீர், மெல்லிய துணி, உடனே ஈரம் போகத் துடைப்பது, அவ்வளவு போதும். ஹெட் இரண்டையும் மாற்றிவிடுங்கள், அடி ஹெட் மெல்லியதாக இருக்கட்டும்.