எண்ணெய்க் களிமண் மயிலின் மேல் ஊற்றிய சிலிக்கோன் இறுகவில்லை: காரணம் என்ன?

கொலுப்படி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஆண்டுதோறும் கொலு வைக்கிறோம். இம்முறை கொலு பார்க்க வரும் குழந்தைகளுக்குத் தாம்பூலத்துடன் ஒரு சிறு மயில் சிற்பமும் கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சிலிக்கோனில் அச்சு எடுத்து, அதில் பிளாஸ்டரை ஊற்றிப் பல மயில்களை வார்க்கலாம் என்று எண்ணி, அதற்காக எண்ணெய்க் களிமண்ணில் மயில் ஒன்றைச் செதுக்கினேன். அதன் நீளம் 8 செ.மீ., அகலம் 5 செ.மீ., உயரம் 3 செ.மீ. அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். அதை ஃபோம் போர்டுத் தளத்தில் அமர்த்தி, சுற்றிலும் பெட்டி கட்டி, மூலைகளை ஹாட் க்ளூவால் அடைத்து, இணையத்தில் வாங்கிய பிளாட்டினம் வகைச் சிலிக்கோனின் ஏ, பி ஆகிய இரு பகுதிகளையும் டிஜிட்டல் தராசில் சம எடையாக நிறுத்துக் கலந்து ஊற்றினேன். 4 மணி நேரத்தில் இறுகும் என்று பொட்டலத்தில் அச்சிட்டிருந்தது.

மறுநாள் காலையில் பெட்டியைப் பிரித்தபோது வெளிப்பக்கம் முழுவதும் நல்ல ரப்பராக இருந்தது. ஆனால் மயிலைத் தொட்டுக்கொண்டிருந்த உட்புறம் மட்டும் பாகு போலப் பிசுபிசுத்தது. தோகையின் கோடுகளில் ஒன்றுகூடப் பதியவில்லை. மயிலின் மேலும் அந்தப் பசை படிந்திருக்கிறது. நான் ஊற்றிய மாலையில் கனமழை பெய்ததால், காற்றின் ஈரப்பதம் இதற்குக் காரணமாக இருக்குமோ என்று ஐயுறுகிறேன். இறுகாத பகுதியை வெயிலில் வைத்தாலோ அதன் மேல் பி பகுதியை மட்டும் பூசினாலோ சரியாகுமா? மயிலைக் காப்பாற்ற வழி உண்டா? நவராத்திரிக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன என்பதால் அறிந்தவர்கள் அருள்கூர்ந்து வழிகாட்ட வேண்டுகிறேன்.

மழைக்காலம் எழுதியது:

வணக்கம் சகோதரி. என் கருத்தில் ஈரப்பதமே காரணம். சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. மழை நாளில் அது 100 விழுக்காட்டை நெருங்கும். குளிர்சாதனத்தை ஈரம் நீக்கும் நிலையில் இயக்கி, அந்த அறையில் அச்சை மேலும் இரண்டு நாள் வைத்துப் பாருங்கள்.

வார்ப்புமேடை எழுதியது:

வணக்கம். மழைக்காலம் அவர்கள் கூறியது நல்லெண்ணத்துடன் சொன்ன யோசனைதான். ஆயினும் இந்தச் சிக்கலுக்கு அது பொருந்தாது. இரண்டு நாள் அல்ல, இரண்டு மாதம் வைத்தாலும் அந்தப் பசை இறுகாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சிலிக்கோன் இறுகாதபோது முதலில் பார்க்க வேண்டியது எந்த இடம் இறுகவில்லை என்பதைத்தான். அச்சு முழுவதுமே மென்மையாக இருந்தால் அளவில் பிழை இருக்கலாம், அல்லது பொருள் பழையதாக இருக்கலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுத்திட்டாகப் பிசுபிசுத்தால் கிண்ணத்தின் ஓரமும் அடியும் சரியாகக் கலக்கப்படவில்லை என்று பொருள். உங்கள் அச்சிலோ காற்றுபட்ட மேற்பரப்பும் ஃபோம் போர்டைத் தொட்ட பக்கங்களும் முழுமையாக இறுகியிருக்கின்றன; மூல உருவத்தைத் தொட்ட பரப்பு மட்டும் இறுகவில்லை. ஈரப்பதம் காரணமாக இருந்திருந்தால் காற்றுபட்ட மேற்பரப்புத்தான் முதலில் பாதிக்கப்பட்டிருக்கும். ஆகவே உங்கள் அளவும் கலவையும் சரியாகவே இருந்துள்ளன. தடை மூல உருவத்திலிருந்து வந்திருக்கிறது.

பிளாட்டினம் வகைச் சிலிக்கோனை இறுகச் செய்வது அதில் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் பிளாட்டினச் சேர்மம். கந்தகம், அமீன்கள் (நைட்ரஜன் கொண்ட ஒருவகைச் சேர்மங்கள்), டின் (வெள்ளீயம்) சேர்மங்கள் ஆகியவை அந்தப் பிளாட்டினத்தைப் பற்றிக்கொண்டு, அதன் வேலையைச் செய்யவிடாமல் தடுத்துவிடும். கடைகளில் கிடைக்கும் எண்ணெய்க் களிமண் வகைகளில் கணிசமானவற்றில் கந்தகம் சேர்க்கப்பட்டிருக்கிறது. லேட்டக்ஸ் கையுறை, உடனடி ஒட்டுப்பசை, முப்பரிமாண அச்சுக்குப் பயன்படும் ஒளியில் இறுகும் ரெசின் ஆகியவையும் இதே தொல்லையைத் தரக்கூடியவை. எனவே அடுத்த முறை நைட்ரைல் கையுறையையே அணியுங்கள். லேட்டக்ஸ் கையுறையுடன் களிமண்ணை வருடினால்கூட அந்தத் தடம் அச்சில் தெரிந்துவிடும். ஹாட் க்ளூவால் பொதுவாகத் தொல்லை இல்லை.

ஈரப்பதத்தைப் பற்றிய குழப்பம், டின் சேர்மத்தால் இறுகும் இன்னொரு வகையான டின் வகைச் சிலிக்கோனிலிருந்து வருகிறது என்று கருதுகிறேன். டின் வகை இறுகுவதற்குச் சிறிது ஈரம் தேவைப்படுகிறது. ஆகவே அந்த வகையிலும் நம் ஊர்க் காற்று இறுகுவதைத் தடுக்காது. அதன் வினையூக்கிப் புட்டியை இறுக மூடிவைக்காவிட்டால் மட்டும் ஈரம் புகுந்து அது கெட்டுப்போகும். பிளாட்டினம் வகைக்கு ஈரம் தேவையும் இல்லை, காற்றின் ஈரத்தால் அது கெடுவதும் இல்லை. நம் ஊர் வானிலை அந்த வகையைப் பாதிப்பது வெப்பத்தின் வழியாகத்தான். பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் நேரங்கள் பெரும்பாலும் 23 பாகை செல்சியசுக்குக் கணக்கிடப்பட்டவை. வெப்பம் 10 பாகை கூடினால் கையாளும் நேரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பது பொதுவான கணக்கு. பகலில் 32 பாகை இருக்கும் சமையலறையில், 30 நிமிடம் என்று குறித்திருக்கும் கலவை 15 நிமிடத்திலேயே தடிக்கத் தொடங்கிவிடும். குளிர்சாதனம் இயங்கும் அறையில் கலப்பது இந்தக் காரணத்துக்காக நல்லதே.

வெயிலில் வைப்பதாலோ பி பகுதியை மட்டும் பூசுவதாலோ பயன் இல்லை. இந்த அச்சை மீட்க முடியாது. ஆனால் முழுவதையும் எறிந்துவிட வேண்டாம். இறுகிய வெளிப்பகுதியை வெட்டியெடுத்து, பசை படாத துண்டுகளைச் சிறிதாக நறுக்கி வைத்துக்கொண்டால், அடுத்த அச்சை ஊற்றும்போது மயிலைத் தொடாத வெளி ஓரங்களில் அவற்றைப் போட்டு நிரப்பலாம். பிளாட்டினம் வகை தன் இனத்துடன் நன்றாகப் பிணையும் என்பதால் புதிய சிலிக்கோனின் செலவு குறையும்.

மயிலின் மேலுள்ள பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த மென்தூரிகையால் பொறுமையாகத் துடைத்தெடுங்கள். டர்பன்டைனைத் தொடவே வேண்டாம், அது களிமண்ணையே கரைத்துவிடும். அதன்பின் இருக்கும் வழிகளில் எளியது டின் வகைச் சிலிக்கோனை வாங்கி நேரடியாக ஊற்றுவது. கந்தகம் அதைத் தடுப்பதில்லை. அந்த அச்சு காலப்போக்கில் சற்றுச் சுருங்கும். சில ஆண்டுகளில் வலுவிழந்து கிழியும். ஒரு நவராத்திரிக்கான வேலைக்கு இவை பொருட்டல்ல. களிமண்ணின் மேல் தெளிவான அக்ரிலிக் வார்னிஷ் தெளித்துக் கந்தகத்தை மூடிவிடலாம் என்று பலர் சொல்வார்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் தோகையின் பள்ளங்களில் ஓரிடத்தில் பூச்சு விட்டுப்போனாலும் அந்த இடம் பாழாகும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், முழு அச்சை ஊற்றும் முன்பாக மயிலின் அடிப்பக்கத்தில் ஒரு கரண்டி நுனியளவு கலவையை வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

மரப்பாச்சி எழுதியது:

வார்ப்புமேடை ஐயா கூறிய காரணம் முற்றிலும் சரி. கையிலிருக்கும் பிளாட்டினம் சிலிக்கோன் வீணாகக் கூடாது என்று சகோதரி கருதினால், இன்னொரு வழியும் இருக்கிறது: களிமண் மயிலிலிருந்து முதலில் ஒரு பிளாஸ்டர் நகல் எடுத்து, அந்த நகலின் மேல் சிலிக்கோனை ஊற்றலாம். பல் மருத்துவத்தில் அளவெடுக்கப் பயன்படும் ஆல்ஜினேட் தூள் இதற்கு மிகவும் ஏற்றது. அதை நீரில் கலந்து மயிலின் மேல் ஊற்றினால் சில நிமிடங்களில் மெத்தென்ற திண்மமாக மாறிவிடும். நீர் வெதுவெதுப்பாக இருந்தால் கலக்கி முடிப்பதற்குள்ளேயே இறுகிவிடும் என்பதால், குளிர்பதனப் பெட்டியில் வைத்த நீரையே பயன்படுத்துங்கள். ஆல்ஜினேட் நீரை இழந்து சுருங்கும் இயல்புடையது. ஆகையால் மயிலை எடுத்த கையோடு பிளாஸ்டரை ஊற்றிவிட வேண்டும். 100 கிராம் பிளாஸ்டர் ஆஃப் பாரிசுக்கு 60 முதல் 70 கிராம் நீர் போதும். தூளை நீரில் தூவி, ஊறவிட்டுப் பிறகு கலக்குங்கள்.

நகலை உலர்த்துவதில்தான் நம் ஊரில் பொறுமை தேவைப்படும். தொட்டால் உலர்ந்ததுபோல் தோன்றும் பிளாஸ்டரின் உள்ளே நீர் நிறைய இருக்கும். அதன் மேல் சிலிக்கோனை ஊற்றினால் ஈரமும் காற்றும் வெளியேறிக் குமிழிகளை உண்டாக்கும். மின்விசிறியின் முன்னால் வைத்து, நாள்தோறும் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் உலர்ந்துவிட்டது என்று பொருள். அவசரத்துக்கு அடுப்புப் பெட்டியில் வைப்பதானால் 45 பாகையைத் தாண்டவிடாதீர்கள், அதிக வெப்பத்தில் ஜிப்சம் (இறுகிய பிளாஸ்டர்) தன்னுள் பிணைந்திருக்கும் நீரை இழந்து பொடியாக உதிரத் தொடங்கும். உலர்ந்த பிறகு அக்ரிலிக் வார்னிஷை இரண்டு முறை மெல்லியதாகத் தெளித்து நுண்துளைகளை அடையுங்கள். இங்கே அந்தப் பூச்சு பிளாஸ்டரின் துளைகளை மட்டும் மூடினால் போதும் என்பதால் வார்ப்புமேடை ஐயா எச்சரித்த ஆபத்து இல்லை. சிலிக்கோன் ஒட்டாமல் எளிதில் கழல்வதற்காக அதன் மேல் வாசலினைத் தூரிகையால் பூசும்போது தோகைக் கோடுகள் அடைபடாதவாறு மிகமிக மெல்லியதாகப் பூசுங்கள்.

மிஞ்சிய பிளாஸ்டர் நீரைக் கைகழுவும் தொட்டியில் ஊற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது குழாய்க்குள் கல்லாக இறுகும். அடுக்குமாடியில் அந்த அடைப்பு நம் வீட்டோடு நிற்காமல் கீழ்வீட்டாரையும் துன்புறுத்தக்கூடும். கிண்ணத்திலேயே இறுகவிட்டுத் தட்டியெடுத்துக் குப்பையில் போடுங்கள்.

கொலுப்படி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வார்ப்புமேடை ஐயா சொன்னவாறே சோதித்துப் பார்த்தேன். களிமண்ணின் அடிப்பக்கத்தில் வைத்த கலவை இன்னும் பிசுபிசுப்பாகவே இருக்கிறது. அதே கலவையில் ஒரு துளியை வார்னிஷ் அடித்த பிளாஸ்டர் துண்டின் மேல் வைத்திருந்தேன், அது சுத்தமாக இறுகிக் கழன்று வந்துவிட்டது. ஆகவே மரப்பாச்சி அவர்களின் வழியிலேயே போகலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். நகல் இப்போது மின்விசிறியின் முன் உலர்ந்துகொண்டிருக்கிறது. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. சிலிக்கோன் எவ்வளவு தேவைப்படும் என்பதை முன்கூட்டியே கணக்கிடுவது எப்படி? முன்பு ஊற்றியபோது மேற்பரப்பில் நிறையக் குமிழிகள் தெரிந்தன. வெற்றிடக் கருவி இல்லாத வீட்டில் அவற்றை, குறிப்பாக மயிலின் அலகு நுனியில், எப்படித் தவிர்ப்பது?

மோதகம் எழுதியது:

இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். இதே முறையில் விநாயகர் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை அச்சும் செய்துகொள்ள முடியுமா?

வார்ப்புமேடை எழுதியது:

மோதகம் அவர்களுக்கு: டின் வகையில் உணவு அச்சு செய்யவே கூடாது. பிளாட்டினம் வகையிலும் உணவுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் தெளிவாகக் குறித்திருக்கும் பொருளை மட்டுமே வாங்க வேண்டும். மூல உருவமும் அதன் மேலுள்ள பூச்சும் உணவுக்குத் தகுந்தவையாக இருக்க வேண்டும். பிளாஸ்டரோ ரெசினோ ஒருமுறை ஊற்றிய அச்சைச் சமையலறைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கொலுப்படி அவர்களுக்கு: மயிலைச் சுற்றியும் அதன் மேலும் 1 செ.மீ. சுவர் இருந்தால் போதும். அவ்வாறெனில் பெட்டியின் உள்ளளவு 10, 7, 4 செ.மீ.; கொள்ளளவு 280 கன செ.மீ. வார்னிஷ் அடித்த நகலை விளிம்புவரை நீர் நிரம்பிய கிண்ணத்தில் அமிழ்த்தி, வழிந்த நீரை நிறுத்தால் அதன் பருமன் தெரிந்துவிடும். அது 80 என்று வைத்துக்கொண்டால் மீதி 200 கன செ.மீ. ஆகும். சிலிக்கோனின் அடர்த்தி பெரும்பாலும் 1.1-ஐ ஒட்டியிருப்பதால் 220 கிராம், அதாவது ஏ 110 கிராமும் பி 110 கிராமும் தேவை. கிண்ணத்தில் ஒட்டிக்கொள்வதற்காக ஒவ்வொன்றிலும் 10 கிராம் கூடுதலாக எடுங்கள். அமிழ்த்திய நகலை மீண்டும் உலர்த்த மறக்க வேண்டாம்.

குமிழிகளைப் பொறுத்தவரை, மேற்பரப்பில் தெரிபவற்றைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. அது அச்சின் முதுகுப்புறம். உருவத்தைத் தொடும் பரப்புத்தான் முக்கியம். மெதுவாக, ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலக்குங்கள். பிறகு ஒரு சிறு தூரிகையால் கலவையை நகலின் மேல் மெல்லிய படலமாகப் பூசி, அலகிலும் தோகைக் கோடுகளிலும் நுனியால் குத்திக்குத்திக் காற்றை வெளியேற்றுங்கள். மீதியைப் பெட்டியின் தாழ்வான ஒரு மூலையில், சற்று உயரத்திலிருந்து நூலிழையாக ஊற்றினால், நீளும் அந்த இழையிலேயே குமிழிகள் உடையும். கலவையும் தானாக மயிலின் மேல் ஏறி மூடும். நேரே மயிலின் தலைமேல் ஊற்றினால் காற்று அலகின் கீழ் சிறைப்படும்.

அலகு நுனியைப் பற்றி நீங்கள் கேட்டது வார்க்கும் கட்டத்துக்கும் பொருந்தும். அச்சைத் திருப்பி வைத்துப் பிளாஸ்டரை ஊற்றும்போது அலகு ஆழத்தில் இருக்கும், அங்கே காற்று தங்கும். அச்சின் உள்ளே ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த நீரை மெல்லத் தெளித்து, அதிகமானதை உதறிவிட்டு, முதலில் சிறிதளவு பிளாஸ்டரை மட்டும் ஊற்றி அச்சை எல்லாப் பக்கமும் சாய்த்து உருட்டுங்கள். அலகில் தூரிகை நுனியால் ஒருமுறை தொட்டுவிட்டு மீதியை நிரப்பி, மேசையை லேசாகத் தட்டிக்கொண்டே இருங்கள். குழந்தைகளின் கைக்குப் போகும் பொருள் என்பதால், அலகு மிகக் கூர்மையாக இருந்தால் நகலிலேயே உப்புத்தாளால் சற்று மழுக்கிவிடுங்கள். மழுங்கிய நுனியில் குமிழியும் தங்காது, எளிதில் உடையவும் உடையாது.