செங்கல் சுவரில் விழுந்த சந்துகளை எதைக் கொண்டு அடைப்பது?

கேள்வி

எங்கள் வீடு கட்டி 12 ஆண்டுகள் ஆகின்றன. மழைச் சாரல் நேராக அடிக்கும் பக்கத்துச் சுவரை மட்டும் பூசாமல், செங்கல் வெளியே தெரியும்படி விட்டிருக்கிறோம். அந்தச் சுவரில் கற்களுக்கு இடையிலுள்ள சாந்து இப்போது விரலால் தடவினாலே மணலாக உதிர்கிறது. ஓரிடத்தில் சாவியை நுழைத்துப் பார்த்தேன், பாதி வரை உள்ளே போயிற்று. அலுமினிய ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் கனத்துக்குச் சற்றுக் குறைவாகச் சந்து விழுந்திருக்கிறது. மேல்தளத்துக்கு அடியில் படுக்கைவாட்டில் மயிரிழை விரிசல் ஒன்று ஓடுகிறது. தரையை ஒட்டிய ஐந்தாறு வரிசைகளில் வெள்ளை உப்புப் பூத்து, சில கற்களின் முகம் செதில் செதிலாகப் பெயர்ந்து விழுகிறது.

பார்க்க வந்த கொத்தனார், ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டு பங்கு மணல் என்ற கெட்டிக் கலவையால் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, மேலே நிறமற்ற நீர்த்தடைப் பூச்சு ஒன்றை அடித்துவிடலாம் என்றார். கலவை கெட்டியாக இருப்பதே நல்லது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆயினும் இத்தனை விதமான இடங்களுக்கும் ஒரே பொருள் பொருந்துமா என்ற ஐயம் எழுந்ததால் இங்கே கேட்கிறேன். பெயர்ந்த கற்களுக்கு மாற்றாகப் புதுக் கல் வாங்கும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

முதல் பதில்

அந்தக் கெட்டிக் கலவையைத் தயவுசெய்து வைக்க விடாதீர்கள். செங்கல் சுவரில் சாந்து எப்போதும் கல்லைவிடச் சற்று மென்மையாகவே இருக்க வேண்டும். மழையில் சுவர் குடிக்கும் நீர், வெயில் வந்ததும் பெரும்பாலும் சாந்தின் வழியாகவே ஆவியாகி வெளியேறுகிறது. சாந்தைச் சிமெண்டால் இறுக்கிவிட்டால் அந்த வழி அடைபட்டு, நீர் கல்லின் முகத்தின் வழியாக வெளியேறத் தொடங்கும். அதில் கரைந்துள்ள உப்பு, முகத்துக்குச் சற்று உள்ளேயே படிகமாகி, கல்லின் மேல்தோலை உந்தித் தள்ளிவிடும். கீழ் வரிசைகளில் நீங்கள் காணும் செதில்களும் இவ்வாறு உண்டானவையே. தேய்ந்த சாந்தைச் சுரண்டிப் புதிதாக வைக்க ஓரிரு நாள் போதும், ஆனால் முகம் போன கல்லை வெட்டி எடுத்து மாற்றுவது பெரும்பாடு.

உங்கள் சுவருக்கு ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு சலித்த மணல் என்ற கலவை பொருத்தமாக இருக்கும். பழைய சாந்தை 20 முதல் 25 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குறுகிய உளியால் சுரண்டி எடுக்க வேண்டும்; சாந்துக் கோட்டின் அகலத்தைப் போல் இரு மடங்கேனும் ஆழம் இல்லாவிட்டால் புதுச் சாந்து பிடித்து நிற்காது. அறுக்கும் இயந்திரத்தை இதற்குக் கொடுத்துவிட்டால் கல்லின் விளிம்பு வெட்டுப்படும், அந்தக் காயம் பிறகு மறைவதே இல்லை. தூசியைத் துலக்கிக் கழுவி, சுவர் ஈரமாக இருந்தாலும் நீர் நிற்காத நிலையில் சாந்தை வைக்கத் தொடங்க வேண்டும். கலவையைக் கையில் உருட்டினால் உருண்டை குலையாமல் நிற்க வேண்டும், பிரித்தால் உள்ளங்கையில் குழம்பாக ஒட்டக் கூடாது. ஒரே தடவையில் நிரப்பாமல், இரண்டு மூன்று அடுக்குகளாக அழுத்தி அழுத்தி வைத்து, கட்டைவிரலை ஊன்றினால் இலேசான தடம் மட்டும் விழும் பதத்தில், வளைவான கம்பி ஒன்றால் இழுத்துச் சற்றுக் குழிவாக முடித்துவிடுங்கள். மழைநீர் அதில் தங்காமல் வழிந்துவிடும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரமாவது உலராமல் காக்க வேண்டும்.

கல் வாங்கும்போது இரண்டு கற்களை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்று ஓசை வர வேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தரையில் போட்டால் உடையக் கூடாது. உலர்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து மறுபடி எடை போட்டால், கூடிய எடை முதல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஒரு கல்லை உடைத்து உள்ளேயும் பார்த்துவிடுங்கள். மண்ணில் கிடந்த சுண்ணாம்புத் துணுக்குகள் சூளையில் சுட்ட சுண்ணாம்பாக மாறிக் கல்லுக்குள்ளேயே உறங்கும். பிறகு ஈரம் பட்டதும் அவை உப்பிக் கல்லை வெடிக்கச் செய்யும். அளவு மீறி வெந்து கருத்துக் கண்ணாடி போலான கல்லும் வேண்டாம், அது நீரே குடிக்காததால் சாந்து அதில் பிடிக்காது. நன்கு தேர்ந்த கல்லையும் ஊறவைக்காமல் வைத்தால் அது சாந்திலுள்ள நீரை உறிஞ்சிவிடும், சிமெண்ட் இறுகாமல் பொடியாகும்.

இரண்டாம் பதில்

ஜன்னல் சந்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் அதில் நானே தவறு செய்து கற்றிருக்கிறேன். என் வீட்டில் அந்தச் சந்தைச் சாந்தால் ஒழுங்காக நிரப்பி வண்ணமும் அடித்தேன். ஒரு கோடை முடிவதற்குள் சட்டத்தின் முழு நீளத்துக்கும் சாந்து விட்டுப் பிரிந்து, அடுத்த மழையில் உள்சுவர் நனைந்தது. வெப்பத்தில் அலுமினியம் செங்கலைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு விரிகிறது. ஒன்றரை மீட்டர் சட்டம் 20 பாகை சூடேறினால் முக்கால் மில்லிமீட்டரை நெருங்கும் அளவுக்கு நீள்கிறது. கண்ணுக்குத் தெரியாத அசைவுதான், ஆனால் நாள்தோறும் இப்படி இழுபட்டால் இறுகிய சாந்து தாங்காது.

அங்கே சீலன்ட் எனப்படும் நெகிழும் அடைப்புப் பசைதான் வேண்டும். சந்தைச் சுத்தமாக்கி உலரவிட்டு, அதன் அகலத்தைவிடக் கால் பங்கு கூடுதல் பருமனுள்ள ஃபோம் கயிற்றை உள்ளே திணித்து, அதன் மேல் சீலன்டை இட வேண்டும். அகலம் 12 மில்லிமீட்டர் என்றால் சீலன்டின் ஆழம் 6 மில்லிமீட்டர் போதும். அது இரு பக்கமும் மட்டும் ஒட்டி, அடியில் ஒட்டாமல் இருந்தால்தான் ரப்பரைப் போல் இழுபட்டுத் திரும்பும், கயிற்றை வைப்பதன் நோக்கமே அதுதான். காடி வாடை வீசும் சிலிக்கானைச் சுவரில் பயன்படுத்தக் கூடாது. அதிலிருந்து வெளிவரும் அமிலம் சாந்திலுள்ள சுண்ணாம்போடு வினைபுரிந்து ஒட்டுதலைக் கெடுத்துவிடும். அமிலமற்ற சிலிக்கான் நல்லது. மேலே வண்ணம் அடிக்க விரும்பினால் பாலியூரித்தேன் வகையை வாங்குங்கள், சிலிக்கான் மேல் வண்ணம் நிற்காது. நுரையாகப் பொங்கி நிரப்பும் ஃபோமை மட்டும் வைத்து வெளிப்புறம் அப்படியே விட்டுவிட வேண்டாம், வெயிலில் அது பழுத்து உதிர்ந்துவிடும். சட்டத்தின் அடியில் நீர் வடிவதற்காக விட்டிருக்கும் சிறு துளைகள் மேல் சீலன்ட் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் பதில்

மேல்தளத்தின் கீழ் ஓடும் விரிசலும் அதே வகையைச் சேர்ந்தது. கான்கிரீட் செங்கலைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும் என்பதால், வெயிலில் காயும் தளம் சுவரின் தலைமேல் முன்னும் பின்னும் நகர்கிறது. அதைச் சாந்தால் அடைத்தால் மறுபடி திறக்கும். சற்று அகலப்படுத்தி, வண்ணம் ஏற்கும் அக்ரிலிக் சீலன்டை இடலாம். மொட்டைமாடியில் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால் அசைவே குறையும். விரிசல் படிக்கட்டைப் போல் ஏறிச் சென்றாலோ, 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ அஸ்திவாரம் இறங்குகிறதா என்று பொறியாளரைக் கொண்டு பார்க்க வேண்டும். அதற்கு முன் விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் புள்ளி வைத்து, இடைத்தூரத்தைத் தேதியோடு சுவரிலேயே எழுதி, சில மாதங்கள் அளந்து வாருங்கள்.

உப்பு விஷயத்தில் முதலில் நீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் துலக்கி அள்ளி எறிய வேண்டும். நீர்விட்டுக் கழுவினால் அது கரைந்து மறுபடி கல்லுக்குள்ளேயே போய்விடும். கொத்தனார் சொன்ன பூச்சு படலமாகப் படியும் வகை என்றால் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். நீராவியை வெளியே விடும் சிலேன் வகைப் பூச்சை, சுவர் நன்றாக உலர்ந்த பின் அடிப்பதில் தவறில்லை.

கேட்டவர்

இன்று காலை சுவரடியில் உட்கார்ந்து பார்த்தேன். மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயின் கீழ் இணைப்பு கசிகிறது. பூச்செடிக்காகக் கொட்டிய மண்ணோ, தரையின் ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்க அடியில் இட்டிருக்கும் ஈரத்தடுப்பு அடுக்குக்கு மேல் இரண்டு வரிசை வரை ஏறியிருக்கிறது. அந்த மண்ணை இன்றே அள்ளத் தொடங்கிவிட்டேன். அள்ளும்போது, அடி வரிசையில் மூன்று கல்லுக்கு ஒன்று என்ற கணக்கில், கற்களுக்கு நடுவே செங்குத்தாக உள்ள சந்து சாந்தே இல்லாமல் வெறுமையாக இருப்பது தெரிந்தது. இவற்றையும் அந்தச் சுண்ணாம்புக் கலவையால் அடைத்துவிடலாமா?

முதல் பதில் எழுதியவர்

அவற்றைத் தொடாதீர்கள். ஒழுங்கான இடைவெளியில் இருப்பதால் அவை வேண்டுமென்றே விடப்பட்டவையாகத் தோன்றுகின்றன. மெல்லிய கம்பி ஒன்றை விட்டுப் பாருங்கள். ஒரு கல்லின் கனத்தைத் தாண்டி வெற்றிடத்துக்குள் போனால், உங்களுடையது நடுவே இடைவெளி விட்ட இரட்டைச் சுவர், அந்தச் சந்துகள் உள்ளே இறங்கும் நீர் வடிவதற்கான வாய்கள். இத்தனை நாள் மண் மூடியிருந்ததால் அவை வேலை செய்யாமல் இருந்திருக்கும். கம்பியால் உள்ளிருக்கும் மண்ணைக் கிளறி எடுத்துவிட்டு, பூச்சி நுழையாதபடி சிறு கண் உள்ள துருப்பிடிக்காத வலைத்துண்டைச் சுருட்டிச் செருகிவிடுங்கள். கீழ் வரிசைகளில் சாந்து வைக்கும் வேலையை, குழாயைச் சரிசெய்து சுவர் உலர்ந்து, புதிதாக உப்புப் பூப்பது நின்ற பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.