‘பிளான்’ என்பதற்குச் ‘செய்படம்’: வன்னியிலிருந்து ஒரு மறுமொழி

குழுமத்தாருக்கு வணக்கம். நாம் பகிரப்போகும் பழைய தளபாடப் படங்களை, அதாவது தச்சு வேலைக்கான ‘பிளான்’களை, தமிழில் ‘செய்படம்’ என்று அழைக்கலாம் என்கிறேன். அதுபற்றி வந்த கேள்விகளுக்கு இது என் மறுமொழி.

> ‘தச்சுத் திட்டம்’ என்றே வைப்போமே. எல்லாருக்கும் விளங்கும்.

அண்ணா, இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் அது வேறு மாதிரி விளங்கும். முத்தையன்கட்டுத் திட்டம், வவுனிக்குளத் திட்டம் என்று குளத்தை நம்பிச் சனம் குடியேறிய காலத்திலிருந்தே இங்கே திட்டம் என்றால் காணி. 2009க்குப் பிறகு வீட்டுத்திட்டம். ‘பழைய தச்சுத் திட்டங்கள் பகிர்கிறோம்’ என்று கிளிநொச்சியில் அறிவித்தால், ஏதோ உதவி கொடுக்கிறார்கள் என்று அடையாள அட்டைப் பிரதியோடு ஆட்கள் வருவார்கள். அவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப என்னால் முடியாது.

‘வரைபடம்’ என்றால் பிரதேச சபைக்கு அனுமதிக்குக் கொடுக்கிற வீட்டுப் படம்தான் நினைவுக்கு வரும். நாங்கள் பெயர் தேடுவது பட்டறையில் பக்கத்தில் வைத்து, பார்த்துப் பார்த்துச் செய்கிற தாளுக்கு.

என் பெரியப்பா தச்சர். அவரிடம் தாள் இருக்கவில்லை. சாய்மனைக் கதிரையின் (சாய்வு நாற்காலியின்) அளவு முழுவதும் ஒரு பனஞ்சிலாகையில், அதாவது பனைமரச் சட்டம் ஒன்றில், இருந்தது. ஒரு முகத்தில் கால்களின் நீளம், மறுமுகத்தில் கைப்பலகை, துளை விழும் இடங்களில் உளியால் சின்ன வெட்டு. அதை அளவுத்தடி என்பார். கைப்பலகையின் வளைவுக்கு மட்டும் தகரத்தில் வெட்டிய அச்சு. கடைசி இடப்பெயர்வில் சீவுளியையும் இரண்டு உளியையும் எடுத்துக்கொண்டவர் அந்தச் சிலாகையை விட்டுவிட்டார். யாராவது அடுப்பில் வைத்திருப்பார்கள். மீள்குடியேறிய பிறகு அவரே முன்பு செய்து கொடுத்த கதிரை ஒன்று ஒரு வீட்டில் தப்பியிருந்தது. அதை அளந்து சீமெந்துப் பைக் கடதாசியில் நான் கீறினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஓம், இதைப் பார்த்துச் செய்யலாம்” என்றார்.

பார்த்துச் செய்கிற படம். ‘செய்படம்’ அங்கிருந்துதான் வந்தது.

> செய்யப்பட்ட படம் என்று மயங்காதா?

மயங்காது அக்கா. குடிநீரைக் குடித்துமுடித்த நீர் என்று யாரும் எடுப்பதில்லை. எழுதுகோல், உண்கலம் வரிசையில் இதுவும் ஒரு வினைத்தொகை. ‘செய்’ என்ற வினை முன்னால் நிற்பது எனக்கு முக்கியம். சுவரில் மாட்டி அழகு பார்க்கிற படம் இல்லை இது.

கூடவே இன்னொரு சொல்லையும் முடிவு செய்ய வேண்டும்: என்னென்ன துண்டு, எத்தனை, என்ன அளவு என்று செய்படத்தின் ஓரத்தில் வரும் அட்டவணை. ‘துண்டுக்கணக்கு’ என்கிறேன். மரக்காலையில், அதாவது மரம் விற்கிற இடத்தில், போய்ச் சொன்னால் உடனே பிடிபடும்.

இதில் கவனம் தேவை. 1909இல் சிக்காகோவில் அச்சான ஒரு தளபாடத் தொகுப்பிலிருந்து முக்காலி ஒன்று செய்தேன். அதில் துண்டுகளின் அளவு நான்கு பக்கமும் சீவிய மரத்துக்கு உரியது. நான் அதே அளவை மரக்காலையில் சொல்லி, வாளால் அரிந்தபடி வாங்கி, வீட்டில் சீவினேன். தடிப்பில் ஒரு நூல் போய்விட்டது. ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று, 3.175 மில்லிமீற்றர். பொருத்துகள் எல்லாம் ஆடின. அதனால் நாம் பகிரும் துண்டுக்கணக்கில் ‘அரிந்த அளவு’, ‘சீவிய அளவு’ என்று இரண்டு நிரல் கட்டாயம் வேண்டும். நூல் கணக்கையும் விடக்கூடாது. மில்லிமீற்றரில் மட்டும் எழுதினால் பெரியப்பா “எத்தனை நூல்?” என்றுதான் கேட்பார். மரமும் வேறு. அந்தப் படங்கள் ஓக் மரத்துக்குக் கீறியவை. நம் முதிரை அதைவிடக் கடினம், நிறையும் கூட. அதே தடிப்பில் செய்தால் கதிரையை ஒருவரால் தூக்க முடியாது.

பதிப்புரிமை பற்றிக் கேட்ட தம்பிக்கு: இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆக்கியவர் இறந்து 70 ஆண்டு வரை உரிமை உண்டு. 1901 முதல் 1916 வரை அமெரிக்காவில் தளபாடச் சஞ்சிகை நடத்திய குஸ்டாவ் ஸ்டிக்லி இறந்தது 1942இல். அவர் தாமே கீறியவற்றைத் தயங்காமல் பகிரலாம். 1960கள், 70களின் சஞ்சிகைப் படங்களை அப்படியே படியெடுத்துப் போடாதீர்கள். பழசு என்பதும் உரிமை தீர்ந்தது என்பதும் ஒன்றல்ல.

சாய்மனைக் கதிரையின் செய்படத்தைத் துப்புரவாகக் கீறி இத்துடன் அனுப்புகிறேன். பெரியப்பாவின் சம்மதத்தோடுதான். துண்டுக்கணக்கில் ‘நாற்சீவல்’ என்று ஒரு சொல் போட்டிருக்கிறேன், நான்கு பக்கமும் சீவியது என்ற பொருளில். அவருக்கு அது பிடிக்கவில்லை. “நாலு பக்கம் சீவினது என்றே எழுதன்” என்கிறார். மன்னார், வவுனியாப் பக்கத் தச்சர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுவீர்களா?