உதவி தேவை: 3923 சுங்கத் தலைப்பில் தேடி எடுத்த நெகிழிப் பொதிப் பொருள் எடை, உண்மையான இறக்குமதியோடு ஒத்துப்போகவில்லை

மாதவரம் கணக்குப்பிரிவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தலைமுடிப் பராமரிப்புப் பொருள்களை இறக்குமதி செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் நான் கணக்குப் பார்க்கிறேன். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இ.பி.ஆர். (நெகிழிக் கழிவுக்கு உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும் ஏற்கும் நீட்டித்த பொறுப்பு) தளத்தில் இறக்குமதியாளராகப் பதிவு செய்திருக்கிறோம். 2024-25 நிதியாண்டுக்கான ஆண்டறிக்கையைத் தயாரிக்க, சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்திலிருந்து எங்கள் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதி அறிவிப்பு) விவரங்கள் அனைத்தையும் இறக்கி, நெகிழிப் பொதிப் பொருள்களுக்கான சுங்கக் குறியீடான 3923 என்று தொடங்கும் வரிகளை மட்டும் வடிகட்டிக் கூட்டினேன். 18.4 டன் வந்தது.

கணக்கை மேற்பார்த்த தணிக்கையாளர், அதே ஆண்டில் 6 லட்சம் ஷாம்பு புட்டிகள் கிடங்குக்கு வந்ததாக இருப்புப் பதிவேடு காட்டுகிறதே, அந்தப் புட்டிகளின் நெகிழி இந்த 18.4 டன்னில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். தேடிப் பார்த்தேன், எங்குமே இல்லை. 3923 வரிகளில் இருப்பவை நாங்கள் வெறுமையாக வாங்கி விற்கும் புட்டிகளும் மூடிகளும்தான். சுங்க முகவர் குறியீட்டைத் தவறாகப் போட்டுவிட்டாரா, அல்லது நான் தேடிய முறை தவறா? தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

துறைமுக முகவர் (சென்னை) எழுதியது:

சகோதரி, உங்கள் முகவர் தவறு செய்யவில்லை. சுங்கவரி அட்டவணையின் பொது விளக்க விதிகளில் 5(பி) என்று ஒன்று இருக்கிறது. ஒரு பொருளை அடைக்க வழக்கமாகப் பயன்படும் கலன் அந்தப் பொருளோடு சேர்ந்து வந்தால், கலனும் பொருளின் தலைப்பிலேயே சேரும் என்பது அதன் சாரம். ஆகவே ஷாம்பு நிரம்பிய புட்டி, தலைமுடிப் பொருள்களுக்கான 3305-இல் போய்விடும். அதே புட்டி அதே ஆலையிலிருந்து வெறுமையாக வந்தால் 3923 30-இல் வரும். மூடி தனியாக வந்தால் 3923 50. திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதற்கென்றே செய்யப்பட்டது தெளிவாகத் தெரியும் கலன்களை மட்டும் இப்படிச் சேர்த்தே ஆகவேண்டும் என்று அந்த விதி கட்டாயப்படுத்துவதில்லை.

எங்களுக்கு வரி விகிதம்தான் முதல் கேள்வி என்பதால் இந்த விதி இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் நெகிழி எடையைத் தேடுபவருக்கு, நிரம்பி வரும் புட்டி எதுவும் நெகிழிக்கான 39-ஆம் அத்தியாயத்தில் அகப்படாது. எண்ணெய், சாஸ், சவர்க்காரம், மருந்து எதுவானாலும் இதே நிலைதான்.

மாதவரம் கணக்குப்பிரிவு:

மிக்க நன்றி ஐயா. அப்படியானால் இரண்டு வழிகள் தோன்றுகின்றன. பேக்கிங் லிஸ்டில் உள்ள மொத்த எடையிலிருந்து நிகர எடையைக் கழித்து, வருவதை நெகிழி என்று எடுத்துக்கொள்ளலாமா? அல்லது பழைய பில் ஆஃப் என்ட்ரிகளைத் திருத்தி, புட்டிகளை 3923-இல் தனி வரியாகக் காட்டச் சொல்லலாமா?

துறைமுக முகவர் (சென்னை):

இரண்டுமே வேண்டாம். சுங்கச் சட்டம் 1962-இன் 149-ஆம் பிரிவின்படி ஆவணத்தைத் திருத்தலாம் என்றாலும், சரக்கு விடுவிக்கப்பட்ட பிறகு, விடுவித்த நேரத்தில் கையிருப்பில் இருந்த ஆவணச் சான்றைக் கொண்டே திருத்த முடியும். அதோடு, இங்கே திருத்துவதற்குப் பிழை எதுவும் இல்லை. சரியான வகைப்பாட்டை இன்னொரு துறையின் அறிக்கைக்காக மாற்றினால், அதுவே தவறான அறிவிப்பு ஆகிவிடும். சரக்கைப் பறிமுதல் செய்ய இடமளிக்கும் 111(எம்) பிரிவு வரை போகக்கூடிய விவகாரம் அது. இதில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன், தொடாதீர்கள்.

மொத்த எடைக்கும் நிகர எடைக்கும் உள்ள வித்தியாசத்தில் அட்டைப்பெட்டியும் மரப் பலகையும் அடங்கியிருக்கும். சில ஏற்றுமதியாளர்கள் புட்டியோடு சேர்த்த எடையையே நிகர எடை என்று எழுதுகிறார்கள், சிலர் உள்ளிருக்கும் ஷாம்புவை மட்டும் எழுதுகிறார்கள். முதல் வகையில் கழித்தால் உங்களுக்குக் கிடைப்பது அட்டையின் எடைதான். புட்டி மறுபடியும் தப்பிவிடும்.

தூத்துக்குடி பருப்பு வணிகர்:

இதே இடத்தில் நாங்களும் தடுமாறியிருக்கிறோம் என்பதால் எழுதுகிறேன். எங்களுக்குத் துவரை 50 கிலோ பிபி (பாலிப்ரொப்பிலீன் நெகிழி) சாக்குகளில் வருகிறது. பில் ஆஃப் என்ட்ரியில் 0713 என்ற ஒரே வரிதான் இருக்கும், சாக்கைப் பற்றிப் பேச்சே இராது. ஒரு சாக்கை உதறி எடைபோட்டால் 110 கிராம் நிற்கிறது. 500 டன் பருப்புக்கு 10,000 சாக்கு, ஆகவே 1.1 டன் நெகிழி.

இன்னொன்று. வெறும் சாக்கை வாங்கினாலும் 39-இல் தேடினால் கிடைக்காமல் போகலாம். அகலம் 5 மில்லிமீட்டருக்கு மேற்படாத நாடாவில் நெய்த சாக்கு, சுங்கக் கண்ணுக்கு நெகிழி அல்ல, ஜவுளி. அது 6305 33-இல் போகும். நாடா அதைவிட அகலமாக இருந்தால் இந்த ஜவுளித் தலைப்பு பொருந்தாது. பல ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்தும், சாக்கின் நாடாவை அளவுகோல் வைத்து அளக்க வேண்டிவரும் என்று நான் நினைத்ததில்லை.

கழிவு விதி ஆலோசகர்:

குறியீட்டை மட்டும் நம்பினால் கணக்கு குறையும் என்பதை மேலே சொல்லிவிட்டார்கள். அதே தவறு கணக்கை மிகையாக்கவும் செய்யும் என்பதையும் கவனியுங்கள். 3920 தலைப்பில் படலம் என்றால் எல்லாப் படலமும் வரும்: பொதி சுற்றுவதற்கானதும், அடையாள அட்டைக்கு லேமினேஷன் செய்வதற்கானதும். அவற்றில் பொதிப் பொருள் எது என்பதைக் குறியீடு சொல்லாது, பயன்பாடுதான் சொல்லும்.

வகைகளிலும் இதே சிக்கல்தான். 2022 பிப்ரவரியில் வந்த இ.பி.ஆர். வழிகாட்டுதல்களின்படி முதல் வகை விறைப்பான பொதி. இரண்டாம் வகை நெகிழ்வான பொதி, அது ஒரே அடுக்காகவோ வெவ்வேறு நெகிழிகள் சேர்ந்த பல அடுக்காகவோ இருக்கலாம். மூன்றாம் வகை, நெகிழியோடு நெகிழி அல்லாத ஓர் அடுக்காவது சேர்ந்தது. 3921 என்றால் மூன்றாம் வகை என்று பலர் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்கள். நுரைத் தாள்களும் 3921-இல்தான் வரும். அவற்றில் வேறு பொருளே இருக்காது. மறுபுறம், மெல்லிய அலுமினியத் தாளே (ஃபாயில்) முதன்மையான லேமினேட் சுருள் 7607-இல் அறிவிக்கப்பட்டிருக்கும். அதைத் தேட 76-ஆம் அத்தியாயத்துக்குப் போக வேண்டும். வாசனைத் தெளிப்பான் தலைகள் தனியாக வந்தால் அவை 9616. உங்கள் தொழிலில் இவை இரண்டுமே இருக்க வாய்ப்புண்டு, பாருங்கள். 2024 மார்ச் திருத்தத்துக்குப் பிறகு பிசின் குருணை, ப்ரிஃபார்ம் (புட்டியாக ஊதுவதற்கு முந்தைய வடிவம்) போன்றவற்றைக் கொண்டுவருபவரும் இறக்குமதியாளர் என்ற வரையறைக்குள் வந்துவிட்டார் என்பதால், அத்தகைய வரி ஏதேனும் இருந்தால் அதையும் ஒதுக்காதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். பில் ஆஃப் என்ட்ரியிலிருந்து குறியீட்டை எடுக்காமல், எத்தனை புட்டி வந்தது என்ற எண்ணிக்கையை எடுங்கள். ஒவ்வொரு எஸ்.கே.யு.வுக்கும் (தனி எண் கொண்ட விற்பனைப் பொருள்) ஒரு பொதி அட்டவணை வைத்து, புட்டி, மூடி, சுருக்குப் படலம் ஒவ்வொன்றும் எந்த நெகிழி, எத்தனை கிராம், எந்த வகை, எந்தத் தேதியிலிருந்து என்று எழுதுங்கள். தேதி மிக முக்கியம், ஏனெனில் ஆலைக்காரர் ஆண்டின் நடுவில் சொல்லாமலே மெல்லிய புட்டிக்கு மாறிவிடுவார். எடையை அவரிடம் எழுத்தில் கேளுங்கள், நீங்களும் நிறுத்துப் பாருங்கள்.

இ.பி.ஆர். இலக்கை, அதாவது நீங்கள் பொறுப்பேற்க வேண்டிய நெகிழியின் அளவை, கணக்கிடும்போது, கடந்த இரண்டு நிதியாண்டுகளின் சராசரியிலிருந்து, முந்தைய ஆண்டில் பிராண்ட் உரிமையாளர்களுக்கு நீங்கள் கொடுத்த பொதிப் பொருளின் அளவு கழியும். வெறும் புட்டிகளுக்கு அந்தக் கழிப்பு கிடைக்கலாம். நீங்களே கடைகளுக்கு அனுப்பும் நிரம்பிய புட்டிகளுக்குக் கிடைக்காது.

மாதவரம் கணக்குப்பிரிவு:

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். 200 மில்லி புட்டியைக் காலி செய்து நகைத் தராசில் வைத்தபோது 26 கிராம் காட்டியது. கழுவி, கவிழ்த்து வைத்து, ஈரம் போனபின் மறுபடி வைத்தால் 24. அடியில் ஒட்டியிருந்த ஷாம்புவின் 2 கிராமைக் கழுவாமல் விட்டிருந்தால் 6 லட்சம் புட்டிக்கு 1.2 டன் இல்லாத நெகிழியை எழுதியிருப்பேன். மூடி 5 கிராம். ஆக 17.4 டன், முதல் வகை. ஆறு புட்டிகளைச் சேர்த்துக் கட்டிய சுருக்குப் படலம் 8 கிராம், ஒரு லட்சம் கட்டுக்கு 800 கிலோ, இரண்டாம் வகை. ஆலோசகர் ஐயா சொன்னபடியே 7607-இல் 2.3 டன் பாக்கெட் சுருளும், 9616-இல் 40,000 தெளிப்பான் தலைகளும் இருந்தன. இவை இரண்டையும் நான் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

தெளிப்பான் தலைக்குள் உலோகச் சுருள்வில் இருக்கிறது. அதையும் நெகிழி எடையில் சேர்க்க வேண்டுமா?

கழிவு விதி ஆலோசகர்:

சேர்க்க வேண்டாம். ஐந்தாறு தலைகளைப் பிரித்து, வில்லைத் தனியே நிறுத்து, சராசரியைக் கழியுங்கள். பிரித்த நாளையும் தராசு காட்டிய எடையையும் புகைப்படத்தோடு கோப்பில் வையுங்கள். தணிக்கையாளர் அடுத்ததாக அதைத்தான் கேட்பார்.