பூஞ்சணம் பிடித்த வீடு: கவுன்சிலரிடம் போவதால் பயன் உண்டா?

கேள்வி: வடலி

வணக்கம். நாங்கள் லண்டனின் வடமேற்குப் பகுதியில், வீடுகளை வாடகைக்கு விடும் தனி அமைப்பான ஒரு ஹவுசிங் அசோசியேஷனுக்குச் சொந்தமான இரண்டு அறை வீட்டில் ஏழு ஆண்டுகளாக வாடகைக்கு இருக்கிறோம். கடந்த இரண்டு குளிர்காலங்களாகப் பிள்ளைகள் படுக்கும் அறையின் வெளிச்சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் படர்கிறது. துடைத்துப் பெயின்ட் அடித்தாலும் ஐந்தாறு கிழமைகளுக்குள் அதே இடத்தில் மறுபடியும் வந்துவிடுகிறது. இளையவனுக்கு இழுப்பு (ஆஸ்துமா) இருக்கிறது. இந்த மார்கழியில் இரண்டு இரவுகள் அவனை அவசர சிகிச்சைக்குக் கொண்டு போக வேண்டியிருந்தது.

அசோசியேஷனுக்குத் தொலைபேசியில் ஐந்து முறை அறிவித்தேன். ஒருவர் வந்து பார்த்தார். நாங்கள் அதிகமாகச் சமைக்கிறோம் என்றும், உடுப்புகளை உள்ளே காயப் போடுகிறோம் என்றும், யன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

எங்கள் வார்ட்டின் கவுன்சிலர்கள் சனிக்கிழமைகளில் நூலகத்தில் சர்ஜரி, அதாவது மக்களின் குறைகளை நேரில் கேட்கும் சந்திப்பு, நடத்துகிறார்கள் என்று அறிவிப்புப் பலகையில் கண்டேன். (அம்மா அதைக் கேட்டுவிட்டு, கவுன்சிலர்மார் எப்போதிருந்து ஒப்பரேஷன் செய்கிறார்கள் என்று கேட்டார்.) என்னுடைய சந்தேகங்கள் இவைதான். வீடு கவுன்சிலுடையதாக இல்லாதபோது கவுன்சிலர் தலையிட முடியுமா? பெரிய வீடு ஒன்றுக்கு அவர் சிபாரிசு செய்வாரா? எங்களுக்கு இன்னும் இலங்கைக் குடியுரிமைதான் இருக்கிறது. அது ஒரு தடையாக இருக்குமா? பக்கத்து வார்ட்டில் ஒரு தமிழர் கவுன்சிலராக இருக்கிறார். அவரிடம் போவது நல்லதா?

மறுமொழி: நெல்லியடியான்

தங்கச்சி, உங்களுடைய மனத்தை உடைப்பதற்காக இதை எழுதவில்லை. எங்கள் கட்டடத்தின் லிஃப்ட் பழுதாகிக் கிடந்தபோது நான் இரண்டு முறை அந்தச் சர்ஜரிக்குப் போனேன். கவுன்சிலர் மிகவும் மரியாதையாகக் கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டார். இரண்டு மாதங்கள் கழித்து, அதே லிஃப்டின் முன்னால் அவர் நின்று எடுத்த படம் தேர்தல் துண்டறிக்கையில் வந்தது. லிஃப்ட் அதற்குப் பிறகும் மூன்று கிழமைகள் ஓடவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை மே மாதத்தில் வாக்குக் கேட்டு வருகிறவர்களால் ஒரு ஆணியைக்கூட அடிக்க வைக்க முடியாது என்பதுதான் என்னுடைய அனுபவம். நல்ல வழக்கறிஞர் ஒருவரைப் பிடியுங்கள்.

மறுமொழி: கோப்புக்காரர்

நான் லண்டன் கவுன்சில் ஒன்றின் வீட்டுவசதிப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்தவன். கவுன்சிலர்கள் அனுப்பும் விசாரணைகளுக்குப் பதில் தயாரிப்பது என்னுடைய அன்றாடக் கடமைகளில் ஒன்றாக இருந்தது. அந்தக் கடிதங்கள் வந்து சேரும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதை அறிந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நெல்லியடியான் சொல்வதில் பாதி உண்மை. கவுன்சிலருக்கு எந்த அதிகாரியையும் பார்த்து "நாளைக்கே போய்ச் சுவரைத் திருத்து" என்று உத்தரவிடும் அதிகாரம் இல்லை. ஹவுசிங் அசோசியேஷன் தனி அமைப்பு என்பதால் அங்கே அவருடைய செல்வாக்கு இன்னும் ஒரு படி குறைவு. ஆனால், நீங்கள் தொலைபேசியில் சொன்ன முறைப்பாடு, பேசியவர் அழைப்பைத் துண்டித்த கணத்திலேயே அவரைப் பொறுத்தவரை முடிந்துபோன காரியம். கவுன்சிலரின் கடிதம் அப்படியல்ல. பெரும்பாலான இடங்களில் அது தனிப் பதிவேட்டில் ஏறும். பதில் அனுப்ப வேண்டிய தேதி அதன் பக்கத்தில் எழுதப்படும். யாரோ ஒரு அதிகாரி தன் பெயரைப் போட்டுப் பதில் எழுதியாக வேண்டும். அப்படி எழுதுவதற்கு அவர் முதன்முறையாக உங்கள் கோப்பை முழுவதுமாகத் திறந்து படிப்பார். ஐந்து அழைப்புகளும் ஒரே வீட்டைப் பற்றியவை என்பது பல நேரங்களில் அப்போதுதான் அலுவலகத்துக்கே தெரியவரும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எழுத்து மூலமான முறைப்பாடு எதுவும் கோப்பில் இல்லாவிட்டால், கவுன்சிலருக்குப் போகும் பதில் ஒரே வரியில் முடிந்துவிடும்: குடியிருப்பாளர் முறைப்படி முறைப்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார். அந்த வரியை நானே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். நீங்கள் செய்த ஐந்து அழைப்புகளும் திருத்த வேலைக்கான கோரிக்கைகளாகவே பதிவாகியிருக்கும். ஆகவே, இது முறைப்பாடு என்று முதல் வரியிலேயே தெளிவாகக் குறிப்பிட்டு அசோசியேஷனுக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். 2024 ஏப்ரல் 1 முதல் சட்டபூர்வமாகிவிட்ட, முறைப்பாடுகளைக் கையாள்வதற்கான நடைமுறைக் கோவையின்படி, 5 வேலை நாட்களுக்குள் அது கிடைத்ததாக அவர்கள் உறுதிப்படுத்த வேண்டும். அதிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் முதற்கட்டப் பதில் தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் இரண்டாம் கட்டத்துக்குப் போகலாம். அதற்கு 20 வேலை நாட்கள். அதற்கும் மேலே, இப்படியான முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிக்கும் ஹவுசிங் ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். அவரிடம் போவதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. முன்பு கவுன்சிலர் அல்லது நாடாளுமன்ற உறுப்பினர் ஊடாகத்தான் அங்கே போக வேண்டும், இல்லாவிட்டால் எட்டுக் கிழமைகள் காத்திருக்க வேண்டும் என்றொரு விதி இருந்தது. 2022 அக்டோபர் 1ஆம் தேதி அதை நீக்கிவிட்டார்கள். கவுன்சிலரின் கையெழுத்து இல்லாமல் அங்கே போக முடியாது என்று நம்மவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பது அந்தப் பழைய விதியின் மிச்சம்.

அடுத்ததாகப் பூஞ்சணம். 2020 டிசம்பரில் ரோச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. வீட்டில் நீண்ட காலம் பூஞ்சணத்தைச் சுவாசித்ததால் ஏற்பட்ட சுவாசக் கோளாறே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை முடிவு செய்தது. அந்தக் குழந்தையின் பெயரால் வழங்கும் சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வீடுகளில் (கவுன்சில்களும் ஹவுசிங் அசோசியேஷன்களும் வாடகைக்கு விடும் வீடுகளில்) நடைமுறைக்கு வந்துள்ளது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்து என்றால், 24 மணி நேரத்துக்குள் ஆராய்ந்து ஆபத்தை நீக்க வேண்டும். குறிப்பிடத்தக்க ஈரமும் பூஞ்சணமும் என்றால், தகவல் கிடைத்து 10 வேலை நாட்களுக்குள் ஆராய வேண்டும். ஆராய்ச்சி முடிந்து 3 வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிக்கை தர வேண்டும். ஆபத்து உறுதியானால், ஆராய்ச்சி முடிந்து 5 வேலை நாட்களுக்குள் வீட்டைப் பாதுகாப்பானதாக்க வேண்டும். அது முடியாவிட்டால் தங்குவதற்கு வேறு இடம் கொடுக்க வேண்டும். உங்கள் மகனுக்கு இழுப்பு இருப்பதை மின்னஞ்சலில் கட்டாயம் குறிப்பிடுங்கள். வீட்டில் இருப்பவரின் வயதும் நோயும் ஆபத்தின் அளவைத் தீர்மானிப்பதில் சேரும்.

சமையலைக் குறை சொல்வது பழைய பல்லவி. புட்டு அவிக்கும் ஆவியால் சுவர் நனைகிறது என்ற பொருளில் ஒருவர் எழுதிய அறிக்கையை நான் வாசித்திருக்கிறேன். குடியிருப்பாளரின் வாழ்க்கை முறையைத் தானாகவே காரணமாகக் காட்டும் பழக்கத்தை விட வேண்டும் என்று ஒம்புட்ஸ்மன் 2021 அக்டோபரிலேயே அறிக்கை வெளியிட்டார். பழைய கட்டடங்களில் குளிர் தடுப்பு இல்லாத வெளிச்சுவர் உறைந்து கிடக்கும்போது, அறையின் ஈரக்காற்று அதில் பட்டுத் தண்ணீராக மாறுகிறது. மழைநீர்க் குழாயின் கசிவோ வேலை செய்யாத காற்றோட்ட விசிறியோ அதை இன்னும் மோசமாக்கும். இவற்றில் எது காரணம் என்பதைக் கருவி வைத்து அளந்து சொல்லுமாறு கேளுங்கள்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாகப் பதில் தருகிறேன். பெரிய வீட்டுக்குச் சிபாரிசு கேட்காதீர்கள். தன் வார்ட்டில் இருக்கும் வீட்டையோ, தன் வார்ட்டில் வசிப்பவருக்கான ஒதுக்கீட்டையோ தீர்மானிக்கும் அமர்வில் கவுன்சிலர் பங்குகொள்வதை 1997ஆம் ஆண்டின் விதிகள் தடுக்கின்றன. வீட்டுக்குக் காத்திருப்போர் பட்டியலில் உங்கள் முன்னுரிமைத் தரம் சரியாகக் கணிக்கப்பட்டதா, மருத்துவக் காரணம் பார்க்கப்பட்டதா என்று அவர் விசாரிக்கலாம். அதைத்தான் கேட்க வேண்டும். குடியுரிமை ஒரு தடையே அல்ல. வார்ட்டில் வசித்தால் போதும். மேலும் இலங்கை காமன்வெல்த் நாடு என்பதால், இங்கே தங்கும் அனுமதி உள்ள நீங்கள் வாக்காளராகவும் பதிந்துகொள்ளலாம். பக்கத்து வார்ட்டின் தமிழ்க் கவுன்சிலரிடம் போனால், அவர் பெரும்பாலும் உங்கள் வார்ட்டுக் கவுன்சிலருக்கே அனுப்பி வைப்பார்; அது அவர்களுக்குள் உள்ள நடைமுறை. மொழிக்காகத் துணை தேவையென்றால், பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைத்து, அது தாயின் கண்ணீரையும் சேர்த்து மொழிபெயர்த்ததை நான் பார்த்திருக்கிறேன். மறுபடி பார்க்க விரும்பவில்லை.

மறுமொழி: தேம்ஸ்கரை

கோப்புக்காரர் எழுதியவை சமூக வீடுகளுக்குப் பொருந்தும். எங்களைப் போலத் தனியாரிடம் வாடகைக்கு இருப்பவர்களுக்கு அந்த 24 மணி நேர விதி இன்னும் வரவில்லை என்பதையும், ஒம்புட்ஸ்மனும் பெரும்பாலும் எங்கள் வழக்கை எடுப்பதில்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன். எங்களுக்கு இருப்பது கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவு. 2004ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டப்படி, அவர்கள் வந்து பார்த்து மிகக் கடுமையான வகை ஆபத்து என்று மதிப்பிட்டால், வீட்டுக்காரர் மீது நடவடிக்கை எடுப்பது கவுன்சிலின் கடமையாகிவிடும். அந்தப் பிரிவுக்கு நான் அனுப்பிய இரண்டு மின்னஞ்சல்களுக்குப் பதில் வரவில்லை. கவுன்சிலர் எழுதிய பிறகு பதினொரு நாட்களில் ஒருவர் வந்தார்.

நெல்லியடியான் அண்ணாவின் லிஃப்ட் கதைக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கட்டடத்தில் குப்பை அள்ளப்படாமல் எலி வந்தபோது, தனியாகப் போனவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. பதினான்கு வீட்டுக்காரர்கள் ஒரே தாளில் தேதிவாரியாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தபோது, கவுன்சிலர் அதிகாரியைக் கூட்டிக்கொண்டு நேரில் வந்து படிக்கட்டில் ஏறி இறங்கினார். பொதுவிடத்துப் பிரச்சினைக்கும் ஒரு குடும்பத்தின் பிரச்சினைக்கும் போகும் முறை வேறு என்று அன்று விளங்கியது.

மறுமொழி: நெல்லியடியான்

நான் எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை என்பது உண்மை. வாயால் சொன்னேன், அவர் கொப்பியில் எழுதினார், அவ்வளவுதான். அந்தக் கொப்பி இப்போது எங்கே இருக்கிறதோ! ஆனாலும் அந்தப் படத்தை நான் மன்னிக்கப் போவதில்லை. வழக்கறிஞர் விடயத்தில் கோப்புக்காரரின் கருத்து என்ன?

மறுமொழி: கோப்புக்காரர்

வீட்டுக்காரர் கட்டடத்தின் வெளிப்புறத்தையும் தண்ணீர், சூடாக்கி வசதிகளையும் பழுதின்றி வைத்திருக்க வேண்டும் என்ற கடமை 1985ஆம் ஆண்டின் சட்டத்தில் இருக்கிறது. வீடு மனிதர் வாழத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்ற கடமை 2019 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே வழக்குப் போட வழி உண்டு. ஆனால் வீடு வீடாகக் கதவைத் தட்டி, வென்றால் மட்டும் கட்டணம் என்று சொல்பவர்கள் நீட்டும் தாளில் உடனே கையெழுத்திட வேண்டாம். நீங்கள் பாதியில் விலகினால் யார் செலவைச் சுமப்பது என்பது அதன் பின்பக்கத்தில்தான் இருக்கும். நீதிமன்றத்தில் வழக்குப் பதிவாகிவிட்டால் ஒம்புட்ஸ்மன் அதே விடயத்தை எடுக்க மாட்டார் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். முதலில் இலவச ஆலோசனை நிலையம் ஒன்றில் கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி: வடலி

எல்லோருக்கும் நன்றி. மின்னஞ்சலை நேற்றிரவு அனுப்பினேன். ஐந்து அழைப்புகளின் தேதிகளும் தொலைபேசியிலேயே இருந்தன. சுவரின் படங்களும் எடுத்த நாளுடன் இருக்கின்றன. இன்று காலையில் நூலகத்துக்குப் போனேன். கவுன்சிலர் ஒரு மூதாட்டி, தமிழர் அல்லர். என் முறை வருவதற்கு முன் ஏழு பேர் இருந்தார்கள், அவர்களில் ஐந்து பேர் வீட்டுப் பிரச்சினைக்காகவே வந்தவர்கள். நான் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கியபோது அவர் கையை உயர்த்தி, முறைப்பாட்டு இலக்கம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார். அது வந்தவுடன் தனக்கு அனுப்பும்படியும், என் சார்பில் விசாரிப்பதற்கு ஒப்புதல் கொடுத்து ஒரு படிவத்தில் கையெழுத்திடும்படியும் சொன்னார். ஒப்பந்தம் என் கணவரின் பெயரில் இருப்பதால், அவருடைய கையெழுத்தும் வேண்டுமாம்.

மருத்துவரின் கடிதத்துக்குக் காத்திருந்து எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்புவதா, அல்லது இலக்கம் வந்தவுடனேயே அனுப்பிவிடுவதா?

மறுமொழி: கோப்புக்காரர்

காத்திருக்க வேண்டாம், உடனே அனுப்புங்கள். கடிதம் வந்ததும், அதே இலக்கத்தைத் தலைப்பில் போட்டு அசோசியேஷனுக்கும் கவுன்சிலருக்கும் தனியாக அனுப்பலாம். அடுத்த முறை யார் வந்து சுவரைப் பார்த்தாலும் அவருடைய பெயரையும் வந்த நேரத்தையும் எழுதி வையுங்கள்.