சம்பளப் பாக்கி விஷயம் தெரிந்தவர்கள் உதவுங்கள் (டல்லாஸ்)

வணக்கம் நண்பர்களே. எங்கள் பக்கத்து வீட்டு அம்மா ஒரு கிடங்கில் மணிக்கு 13 டாலருக்கு வேலை பார்க்கிறார். பஞ்ச் அவுட் செய்த (வேலை முடிந்தது என்று நேரத்தைப் பதிந்த) பிறகும் லாரி வந்தால் சரக்கை இறக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அதற்குக் காசு கிடையாது. நேற்று ஒரு சின்ன நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். 14 மாதமாக, தேதி போட்டு, கிளம்பிய நேரத்தைப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார். சில வாரங்களில் 47 மணி நேரம். சம்பளச் சீட்டில் 40தான். பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

1938ஆம் ஆண்டு அமெரிக்கக் கூலிச் சட்டப்படி 40 மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு கூலி தரணும். பாக்கியைக் கேட்க இரண்டு வருடம்தான் கெடு. தெரிந்தே ஏமாற்றியதாக நிரூபித்தால் மூன்று.

சிக்கல் என்னவென்றால், வேலைக்குச் சேரும்போதே ஒரு கையெழுத்து வாங்கிவிட்டார்கள்: தகராறு வந்தால் கோர்ட்டு கூடாது, தனியார் நடுவரிடம்தான், அதுவும் ஒவ்வொருவராகத்தான் போகணும். 2018இல் உச்ச நீதிமன்றமே இப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லும் என்றுவிட்டது. இது பெரிய அநியாயம். ஆனாலும் மத்தியத் தொழிலாளர் துறையில் புகார் கொடுப்பதை அந்தக் கையெழுத்து தடுக்காது.

அங்கே புகார் கொடுத்த அனுபவம் யாருக்காவது உண்டா? எத்தனை நாள் ஆனது? ஜெயித்தால் மட்டும் ஃபீஸ் வாங்கும் தொழிலாளர் வக்கீல் யாராவது தெரியுமா? பழிவாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, இருந்தாலும் வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறார். கிடங்கு வேலையில் இருப்பவர்கள் யாராவது அவரிடம் பேசினால் தைரியம் வரும்.

தெரிந்தவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். நோட்டு இப்போதைக்கு என்னிடம்தான் இருக்கிறது.