ஸ்பில்லோவருக்குத் தமிழில் என்ன? கோழி வளர்ப்புக் கையேட்டுக்கு அவசரம்

வில்லியனூரிலிருந்து:
கோழி, வாத்து வளர்க்கும் மகளிர் குழுக்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். பறவைக் காய்ச்சல் கிருமி ஒரு விலங்கிலிருந்து வேறு வகை விலங்குக்கோ மனிதருக்கோ போவதற்குச் சொல் வேண்டும். ரிஸ்க் ஃபேக்டருக்கு, அதாவது நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுவதற்கு, 'இடர்க்காரணி' போட்டாச்சு. ஸ்பில்லோவருக்கு 'வழிவு' சரியா?

கடலூர் முதுநகரிலிருந்து:
சரியில்லை. நிரம்பினால்தான் வழியும். கிருமி உயிரணுவின் மேல் அதற்குப் பொருந்தும் இடமான ஏற்பியில் ஒட்டினால்தான் உள்ளே நுழையும். பறவைக் கிருமிக்குத் தோதான ஏற்பி நம் மூக்கிலும் தொண்டையிலும் குறைவு, நுரையீரலின் ஆழத்தில்தான் அதிகம். 1997இல் ஹாங்காங்கில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தும் ஊர் முழுக்கப் பரவாததற்கு அதுவும் ஒரு காரணம். இருக்கிற தடையைத் தாண்டி வருகிறது, ஆகவே 'இனந்தாண்டல்'.

லாஸ்பேட்டையிலிருந்து:
ஐயா, ஊரில் போய் இனந்தாண்டல் என்றால் சாதி விட்டுச் சாதி கல்யாணம் என்று நினைப்பார்கள். ஸ்பீசீஸுக்குப் பாடநூலில் 'சிற்றினம்' இருக்கிறதே.

முதுநகர்:
சிற்றினத்துக்கு அந்தப் பொருள் பாடநூல்காரர் கட்டியது. தொல்காப்பிய மரபியலில் நாய், பன்றி, புலி, முயல் நான்கின் இளமைக்கும் 'குருளை' என்று ஒரே பெயர். எதை எதோடு சேர்ப்பது என்பதே அன்றைக்கு வேறு கணக்கு. குட்டி, பறழ், பார்ப்பு இவற்றையும் பார்த்தால்...

வில்லியனூர்:
குருளையை அப்புறம் பார்க்கலாம் ஐயா, வெள்ளிக்கிழமை!

குறிஞ்சிப்பாடியிலிருந்து:
கால்நடை மருத்துவராகச் சொல்கிறேன், 'தாவல்' போதும். எங்கள் பக்கம் 'ஒட்டுவாரொட்டி' என்ற நல்ல சொல் உண்டு, ஆனால் அது தொற்றுநோய்க்கே பொதுப்பெயர், இதற்கு ஆகாது. சொல்லைவிடக் காரணிகளைச் சரியாகப் போடுங்கள். வாத்து நோய் காட்டாமலே கிருமியைச் சுமக்கும், அதைக் கோழியோடு ஒரே கொட்டிலில் அடைக்கக் கூடாது. ஊசுட்டேரி மாதிரி வலசைப் பறவை இறங்கும் நீரைக் கோழிக்குக் காட்டக் கூடாது. செத்த கோழியை வெறுங்கையால் உரிக்கக் கூடாது. பன்றிக்குப் பறவைக் கிருமியும் வரும், மனிதக் கிருமியும் வரும். இரண்டும் ஒரே நேரத்தில் புகுந்தால் அவற்றின் எட்டெட்டு மரபுத்துண்டுகளும் கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டு மாதிரி மாறிச் சேர்ந்து புதுக் கிருமி பிறக்கலாம், 2009இல் உலகைச் சுற்றிய எச்1என்1 பன்றிக் காய்ச்சல் கிருமியிலும் பன்றி, பறவை, மனிதக் கிருமிகளின் துண்டுகள் கலந்திருந்தன. காய்ச்சாத பச்சைப் பாலையும் இந்தக் காரணிகளில் சேருங்கள். 2024இல் அமெரிக்கக் கறவை மாடுகளுக்கு எச்5என்1 வந்து பாலிலேயே இறங்கியது, பண்ணை ஆட்கள் பலருக்குக் கண்தான் சிவந்தது.

லாஸ்பேட்டை:
தாவல் என்றால் கணினியில் டேப் இல்லையா?

குறிஞ்சிப்பாடி:
கோழிக்கொட்டிலில் ஏதுங்க கணினி?

வில்லியனூர்:
நானும் தாவல் பக்கம். தலைப்பு 'நோய் தாவும் இடர்க்காரணிகள்', முடிந்தது.

முதுநகர்:
அச்சடியுங்கள். சொல்லடைவில் 'இனந்தாண்டல்' என்றும் ஒரு வரி இருக்கட்டும். தாவுவது குரங்கு. இன்னொன்று, 'இடர்க்காரணி'யில் 'காரணி' தமிழே இல்லை, அதை யாரும் கேட்கவில்லை.